இருபது சென்டிமீட்டர்

தண்டையார்பேட்டை
3-6-2024

வேதமாணிக்கம் அண்ணனுக்கு,

டிஸ்பென்சரி சபீஹா எழுதுகிறேன். ஞாபகம் இருக்கிறதா, இல்லை எங்களையெல்லாம் கம்பெனி கேட்டோடு மறந்துவிட்டீர்களா? திருவொற்றியூர் வார்ப்படக் கம்பெனியில் நீங்கள் கம்ப்யூட்டர் ரூமில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் பக்கத்து டிஸ்பென்சரியில் வியர்த்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தொழிலாளியையும் குழாயில் ஊதச் சொல்லி, வந்த மூச்சின் லிட்டர் கணக்கை நீங்கள் எழுதிக் கொடுத்த புரோகிராமில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்த சபீஹாதான்.

உங்கள் ஓசூர் விலாசத்தை ராயபுரம் சர்ச் ஆபீசில் கெஞ்சி வாங்கினேன். உங்களுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது என்றும் அங்கேதான் சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று. போனில் பேசினால் நான் கத்துவேன், கத்தினாலும் உங்களுக்குக் கேட்காது. மெசேஜும் அனுப்ப முடியாது, எங்கள் வீட்டு போன் பகல் முழுக்க என் வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. உங்கள் பெயரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷர் அவர். என்ன சண்டையோ, இருபத்தைந்து வருஷமாக என்னிடம் சொன்னதில்லை. அதனால் பதிலை ஜஸீமா ஜெராக்ஸ் கடை விலாசத்துக்குப் போடுங்கள், பின்னால் எழுதியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். அவருக்கு மூச்சு முடியவில்லை. நான்கு மாதமாக வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின். கக்கூஸுக்குப் போய் வந்தால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நிற்கிறார். மார்பு ஆஸ்பத்திரி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, பீடி பிடிப்பாரா என்பது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பே விட்டுவிட்டார் என்றேன். சீட்டில் "புகைப்பழக்கம்" என்று எழுதிவிட்டார். மணல் பீய்ச்சி இரும்பைச் சுத்தம் பண்ணுகிற கொட்டகையில் பதினொரு வருஷம் நின்றவர் டாக்டர் என்று சொன்னேன். "அப்படியானால் அந்தக் காலத்து மூச்சுப் பரிசோதனை ரிப்போர்ட் கொண்டு வாங்க, ஜூலை இருபத்துநாலாம் தேதி தொழில்நோய் மருத்துவக் குழு உட்காருது, பாக்கலாம்" என்றார்.

ரிப்போர்ட்டுக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் இருந்த காகிதமெல்லாம் 2015 வெள்ளத்தில் கூழாகிவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் நான் கம்ப்யூட்டரிலிருந்து நகல் எடுத்து வைத்த பிளாப்பிகள் இருக்கின்றன. பழைய ஊசி கொதிக்க வைக்கிற எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்திருந்தேன். ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடையில் ஒரு ஆள் ஐந்தில் நான்கைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். என் மருமகள் ஃபிர்தௌஸின் லேப்டாப்பில் போட்டு உங்கள் மூச்சு புரோகிராமை அழுத்தினால், இது இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்று ஒரே வரியில் துரத்துகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். அவர் நுரையீரலைத் தின்றது பீடியா, கொட்டகையா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். இத்தனை வருஷம் பீடி பீடி என்று அவரைப் பிய்த்துத் தின்றவள் நான்.

சபீஹா


ஓசூர்
11-6-2024

அன்புச் சகோதரி சபீஹாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். தாங்கள் ஏழு என்று எழுதினால் ஒன்று மாதிரி இருக்கும், அதற்காக நாம் போட்ட சண்டைகள் நினைவுக்கு வந்தன. மஜீதின் நிலைமையைப் படித்து மிகவும் வருந்தினேன். தினமும் அவனுக்காக ஜெபிக்கிறேன். நான் ஜெபிப்பதாக அவனிடம் சொல்ல வேண்டாம்.

புரோகிராம் விஷயமாக. அது 1993-ல் டாஸ் என்ற பழைய கம்ப்யூட்டர் முறைக்காக எழுதியது. இன்றைய கம்ப்யூட்டர்கள் அறுபத்துநாலு பிட். அவற்றுக்கும் டாஸ் காலத்துப் பதினாறு பிட் புரோகிராம்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டேட்டா கோப்பையும் நானே சொந்தமாக ஒரு வடிவத்தில் எழுதினேன், ஆகவே அந்தப் புரோகிராம் தவிர வேறெதுவும் அதைப் படிக்காது. சுருக்கமாகச் சொன்னால் வழி இல்லை. பிளாப்பியில் இருப்பது முப்பது வருஷத்துக் குப்பை. அதற்காகத் தாங்கள் ரிச்சி தெருவுக்கு அலைவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தவிர, பழைய எண்கள் இப்போது என்ன செய்யும்? டாக்டர்கள் இன்றைய எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வார்கள், அவர்கள் படித்தவர்கள். மஜீதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஆவி பிடித்தால் கொஞ்சம் இதமாக இருக்கும்.

காது விஷயம் உண்மைதான். பேத்தி பாடுவதை வாயசைப்பில் பார்க்கிறேன். மற்றபடி கர்த்தர் குறைவில்லாமல் வைத்திருக்கிறார்.

தங்கள் நலம் நாடும்,
வேதமாணிக்கம்


தண்டையார்பேட்டை
19-6-2024

அண்ணனுக்கு,

வெந்நீர் ஆவியா! முப்பத்தாறு வருஷமாக நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு ஆவி பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். ரொம்ப நன்றி.

வழி இல்லை என்றீர்கள். வழி இருக்கிறது. டாஸ்பாக்ஸ் என்று ஒன்று, காசு கூட இல்லை, இலவசம். புதுக் கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர் உட்கார்ந்திருப்பதுபோல அது நடிக்கிறது. உங்கள் புரோகிராமும் பாவம், நம்ம காலத்து மிஷினில்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு ஓடுகிறது. ஐம்பத்தேழு வயதில் நானே யூடியூபில் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஃபிர்தௌஸ் கூட, "மாமி, என் ஆபீஸ் லேப்டாப்பை ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. கறுப்புத் திரை, இசட் என்று ஒரு எழுத்து, அவ்வளவுதான். அப்புறம்தான் புரிந்தது, உன் சி டிரைவ் இந்த போல்டர்தான் என்று அதற்கு நாம் சொல்லித் தர வேண்டுமாம். மவுண்ட் என்று அடித்து, சி என்று அடித்து, போல்டர் இருக்கும் இடத்தை அடித்தேன். நீல நிறத்தில் உங்கள் திரை வந்தது பாருங்கள், நட்சத்திரக் குறியிலேயே ரெண்டு நுரையீரல் வரைந்து வைத்திருப்பீர்களே, அது! பாஸ்வேர்டு கேட்டது. மூளை மறந்ததை விரல் மறக்கவில்லை, தானாக அடித்துவிட்டது.

ஆனால் எல்லாம் எருமை மாதிரி நகர்ந்தது. ஊதின மூச்சைக் காட்டுகிற, ஆறு செகண்டில் ஓட வேண்டிய கோடு பதினைந்து செகண்ட் ஓடியது. கன்ட்ரோலோடு எஃப் பன்னிரண்டை அழுத்தினால் வேகம் கூடும் என்றார்கள். அழுத்தினால் லேப்டாப்பில் விமானம் போட்ட விளக்கு எரிகிறது, இன்டர்நெட் போய்விட்டது. இந்தக் காலத்து மிஷினில் எஃப் பொத்தான்கள் ரெட்டை வேலை பார்க்கின்றனவாம், இன்னொரு பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். அப்புறம் தேதி கேட்டது. இன்றைய தேதியைப் போட்டேன். என் வயது மைனஸ் நாற்பத்துமூன்று என்று காட்டியது. இன்னும் பிறக்கவே இல்லையாம் நான்! வருஷத்துக்கு ரெண்டே எண் வைத்து எழுதிய புண்ணியவான் நீங்கள்தானே. 99 மார்ச் என்று மாற்றிப் போட்ட பிறகுதான் ஒழுங்காக நடந்தது.

ஊர், பேர், டோக்கன் நம்பர் எல்லாம் வந்தது. மஜீது, மணல் கொட்டகை, 1999 மார்ச், ரெண்டு புள்ளி எட்டு லிட்டர். இருக்க வேண்டிய மூச்சில் எண்பத்தெட்டு சதவீதம். எண்பதுக்கு மேலே இருந்தால் நார்மல்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன் அண்ணே.

அன்றைக்கு பக்ரீத் முடிந்த மறுநாள். அவர் கட்டிலில் சாய்ந்து கறிக்குழம்பு தொட்டு ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். "பாத்தியாய்யா, கம்பெனி மூடுற வரிக்கும் உன் மூச்சு நல்லாத்தான் கீது. அப்பால எல்லாம் பீடி பண்ண வேலதான்" என்றேன். "சர்தான், விடு. குழம்புல உப்பு கம்மியா கீது" என்றார். அந்த மனுஷர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

ஆக, டாக்டர் எழுதியதுதான் சரி. உங்களைத் தொந்தரவு பண்ணினதற்கு மன்னிக்கவும். இருபத்துநாலாம் தேதிக்கு இனி வேலை இல்லை. உங்கள் புரோகிராம் நன்றாக ஓடுகிறது, அந்தச் சந்தோஷமாவது உங்களுக்கு இருக்கட்டும்.

சபீஹா


ஓசூர்
4-7-2024

அன்புச் சகோதரி,

தங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

புரோகிராம் ஓடுகிறது என்று படித்ததும் முதலில் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். அந்த நுரையீரலை வரைய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்தச் சந்தோஷம் அடுத்த பக்கத்தைத் திருப்பும் வரைதான். எண்பத்தெட்டு என்று படித்தேன். நீங்கள் அதைப் போய் மஜீதிடம் சொன்னதையும் படித்தேன்.

அந்த எண்பத்தெட்டு பொய். நான் எழுதிய பொய்.

1996 ஜனவரியில் மணல் கொட்டகையில் ஐந்து பேருக்கு எழுபதுக்குக் கீழே வந்தது, நினைவிருக்கும். ஐந்து பேரையும் ஒரே வாரத்தில் வெளியே அனுப்பினார்கள். மறுநாள் பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, இப்படியே போனால் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து கொட்டகையைப் பூட்டுவான், கணக்கில் ஏதாவது செய் என்றார். அன்று சாயங்காலமே கொட்டகை ஆட்கள் ஏழெட்டுப் பேர் என் ரூமுக்கு வந்தார்கள். கம்பெனி அனுப்பிய ஆட்கள் இல்லை, தாங்களாகவே வந்தார்கள். "அண்ணாத்தே, எப்டியாவது எங்கள பாஸ் போட்டுடு. வேல போச்சுன்னா புள்ளக்குட்டி நடுத்தெருவுல நிக்கும்" என்று அவர்களில் ஒருவன், மண்ணாங்கட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டான். மேலே இருப்பவனும் கேட்கிறான், கீழே இருப்பவனும் கேட்கிறான், இது பாவமாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று யோசித்தால், மேலே இருப்பவனுக்குப் பயந்ததற்கு மண்ணாங்கட்டியின் கையைச் சாக்காக வைத்துக்கொண்டேன் என்றுதான் தோன்றுகிறது.

ஒருவருக்கு எவ்வளவு மூச்சு இருக்க வேண்டும் என்பதை அவர் உயரத்தையும் வயதையும் வைத்துத்தான் கணக்கிடுவோம். குள்ளமானவருக்குக் கொஞ்சம் மூச்சு போதும். லிட்டரை மாற்றினால் ஊதச் சொன்ன உங்களுக்குத் தெரிந்துவிடும். உயரம் ரிப்போர்ட்டில் அச்சாவதில்லை. ஆகவே டிபார்ட்மென்ட் மணல் கொட்டகையாக இருந்தால், உயரத்தில் இருபது சென்டிமீட்டர் கழித்துக்கொண்டு கணக்குப் போடும்படி ஒரு வரி சேர்த்தேன். ஒரே ஒரு வரி. கொட்டகையில் இருந்த நாற்பத்தொரு பேரையும் அப்படிக் குள்ளமாக்கினேன்.

நீங்கள் ஏற்றிய உண்மையான உயரமும் லிட்டரும் கோப்பில் அப்படியே இருக்கின்றன. அவற்றைத் தொட எனக்குக் கை வரவில்லை. ரிப்போர்ட் பட்டியலில் டிபார்ட்மென்ட் கேட்கும்போது ஒன்றும் அடிக்காமல் வெறுமையாக விட்டு எண்டர் தட்டுங்கள். அந்த வரியை அது தாண்டிப் போய்விடும், நிஜமான சதவீதம் வரும். அந்த வாசலை நானே வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று கேட்டால் தெரியவில்லை, அடைக்க மனசு வரவில்லை.

ஒரே வேண்டுகோள். இந்த முறையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் என் பெயர் வேண்டாம். எனக்கு அறுபத்தொன்பது வயது. மருமகன் வீட்டில் இருக்கிறேன். போலீஸ், கேஸ் என்று இந்த வீட்டு வாசலுக்கு யாரும் வந்தால் நான் தாங்க மாட்டேன்.

மஜீது ஏன் என்னோடு பேசுவதில்லை என்று தெரியவில்லை என எழுதியிருந்தீர்கள். அதை அவனிடமே கேளுங்கள். அவனுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது. அதையாவது நான் காப்பாற்ற வேண்டும்.

வேதமாணிக்கம்


தண்டையார்பேட்டை
4-7-2024

யோவ் வேதமாணிக்கம்,

அண்ணன் என்றெல்லாம் இனி என் வாயில் வராது.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லட்டுமா? தினம் காலையில் மிஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதல் ஊதல் நான்தான் ஊதுவேன். என் உயரம் நூற்றைம்பத்திரண்டு, என் மூச்சு ரெண்டு புள்ளி நாலு, என் கணக்கு எப்போதும் தொண்ணூற்றாறு. ஆறு வருஷம் தினமும் பார்த்த எண், செத்தாலும் மறக்காது. நேற்று மத்தியானம் அவர் தூங்கினார், லேப்டாப் சும்மா இருந்தது, பழைய நினைப்பில் என்னையே ஏற்றிப் பார்த்தேன். டிஸ்பென்சரி என்று போடுவதற்குப் பதில் ஒரு வரி கீழே இறங்கி மணல் கொட்டகை என்று தேர்ந்தெடுத்துவிட்டேன். நூற்று முப்பத்தேழு என்று வந்தது.

நூற்று முப்பத்தேழா? என்ன, நான் முத்துக் குளிக்கிறவளா?

திரும்ப டிஸ்பென்சரி போட்டேன். தொண்ணூற்றாறு. கொட்டகை போட்டேன். நூற்று முப்பத்தேழு. ஆள் அதே ஆள், மூச்சு அதே மூச்சு. அப்புறம் அவருடைய கணக்கை எடுத்து, அவர் ஆபீசில் பைல் தூக்குகிற குமாஸ்தா என்று மாற்றிப் போட்டேன். அறுபத்தேழு.

அறுபத்தேழுய்யா! முப்பத்துநாலு வயதில், ஆறடிக்கு ரெண்டே அங்குலம் குறைந்த ஆம்பிளைக்கு!

அன்றைக்கே அவரை அந்தக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்திருப்பேன். கேட்டை உடைத்துக்கொண்டு போயிருப்பேன். 96-ல் புது முகமூடி வந்ததால் எல்லாருக்கும் மூச்சு தேறிவிட்டது என்று கம்பெனியில் லட்டு கொடுத்தார்களே, ரெண்டு வாங்கி ஒன்றை அவருக்கு ஊட்டிவிட்டேன் நான். நீயும் பக்கத்தில் நின்று தின்றாய். எப்படித் தொண்டையில் இறங்கியது உனக்கு?

மண்ணாங்கட்டி நாற்பத்துநாலு வயதில் மூச்சு முட்டிப் போனான். குடிச்சுக் குடிச்சே போனான் என்று ஊரே பேசியது. வியாசர்பாடியில் அவன் பெண்டாட்டி தாயம்மா இன்றைக்கும் அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டுதான் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சமைத்துப் போடுகிறாள். எனக்குத் தெரிந்து நாற்பத்தொரு பேரில் பதினாறு பேர் இப்போது இல்லை.

ஏன் செய்தாய் என்று ஒரு வார்த்தை எழுது. பதில் வரவில்லை என்றால் நானே ஓசூர் வருவேன். காது கேட்காவிட்டாலும் கண்ணு தெரியும்தானே உனக்கு.

சபீஹா


ஓசூர்
8-7-2024

அன்புச் சகோதரிக்கு,

தங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இதற்குள் என்னுடையதைப் படித்திருப்பீர்கள். தாங்கள் கேட்டதற்கெல்லாம் அதில் பதில் இருக்கிறது, லட்டைத் தவிர. அது இறங்கியது. அதுதான் என்னைப் பற்றி எனக்கே பயமாக இருக்கிற விஷயம்.

தாங்கள் கண்டுபிடித்தது தெரிவதற்கு முன்பே நானாக ஒப்புக்கொண்டேன் என்று சொல்லி எந்த நன்மையும் கேட்கவில்லை. தேதி மட்டும் பாருங்கள், அது போதும்.

பெயர் விஷயத்தில் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. மஜீது எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுதுங்கள்.

வேதமாணிக்கம்


தண்டையார்பேட்டை
14-7-2024

வேதமாணிக்கம் அண்ணனுக்கு,

தேதி பார்த்தேன். ஒரே நாள். அதனால்தான் திரும்பவும் அண்ணன் என்று எழுதுகிறேன், இல்லையென்றால் இந்தக் கடிதமே கிடையாது.

உங்கள் கடிதம் ரெண்டையும் எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் போக முடியவில்லையே என்று கட்டிலிலேயே தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தார். மிஷினில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. "யோவ், உன் மூச்ச தின்னது பீடி இல்லய்யா. கொட்டாய்தான்யா" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"எனுக்குத் தெர்யும்" என்றார்.

"இன்னா தெர்யும்?"

"கம்பெனி மூட்ன அன்னிக்கே மாணிக்கம் சொல்ட்டான். கேட்டாண்ட வெச்சு அழுதுகினே சொன்னான். பளார்னு ஒண்ணு வுட்டேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவன் பைபிளு மேல சத்தியம் வாங்கிக்கினேன்."

"அப்ப இத்தினி வருசமா நான் பீடி பீடின்னு கரிச்சுக் கொட்டும்போதெல்லாம் வாயத் தொறக்காம குந்திகினு இருந்தியே, ஏன்யா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டிருப்பார்கள்.

அவர் மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நீதானே ஊதச் சொன்ன. நார்மல்னு உன் கையாலதானே எழ்தி குட்த்த, நாப்பத்தோரு பேருக்கும். இத்த தெர்ஞ்சுகினா நீ நிம்மதியா சோறு துண்ணுவியா? பீடின்னா என்னோட போவும்."

பீடி என்றால் அவரோடு போகுமாம்! அல்லாஹ் சாட்சியாகச் சொல்கிறேன், இந்த மனுஷரை நான் என்னென்ன பேசியிருக்கிறேன் தெரியுமா? பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், டாக்டர் முன்னால், அவர் அண்ணன் தம்பி முன்னால். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு, என்னை என்னிடமிருந்தே காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "சும்மா இரும்மே, டியூபு கயண்டுக்கப் போவுது" என்றார்.

அப்புறம் சண்டை. மருத்துவக் குழுவுக்கு வரமாட்டாராம். ரிப்போர்ட் பொய் என்று காட்டினால், அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவள் யார் என்று கேட்பார்கள், உன் பேர் கெட வேண்டாம் என்று பிடிவாதம். மாத்திரையும் சாப்பிட மாட்டேன் என்று அடம் வேறு. நேற்று நான் தாயம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் உட்கார வைத்தேன். லேப்டாப்பைத் திறந்து, நீங்கள் எழுதியபடி டிபார்ட்மென்ட்டை வெறுமையாக விட்டு, மண்ணாங்கட்டியின் கணக்கை எடுத்துக் காட்டினேன். ஐம்பத்தெட்டு. அது சாராயத்தால் வருகிற கணக்கு இல்லை என்று அவளுக்குச் சொன்னேன். தாயம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்த எம் புள்ளங்ககிட்ட காட்டணும்க்கா. குடிகாரன் புள்ளன்னு சொல்லிச் சொல்லியே வளந்துச்சுங்க" என்றாள். அன்று சாயங்காலம் அவரே மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

நாற்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராக எடுத்தேன். கன்ட்ரோலும் எஃப் ஐந்தும் சேர்த்து அழுத்தினால் அந்தத் திரையை அப்படியே படம் பிடித்து வைக்கிறது. கொட்டகை என்று போட்டு ஒன்று, வெறுமையாக விட்டு ஒன்று, ஆளுக்கு ரெண்டு படம். ஜஸீமா எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துவிட்டாள், காசு வாங்க மாட்டேன் என்கிறாள். அவள் தாய்மாமாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்.

ஆனால் படம் பேசாது. இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கம்ப்யூட்டரை அந்த டாக்டர்கள் நம்புவார்களா? யாரோ வீட்டில் உட்கார்ந்து எண்ணை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். இதை எழுதியது நான், இந்த வரியைச் சேர்த்தது நான் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். உலகத்தில் அது ஒரே ஆள்தான்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. எனக்கும் இருக்கிறது. 96-லிருந்து மூன்று வருஷம், வருஷத்துக்கு ரெண்டு தடவை, நாற்பத்தொரு பேருக்கு நார்மல் என்று எழுதிய கை இது. அதை அந்த மேஜைக்கு முன்னால் நின்று சொல்லப் போகிறேன். உங்கள் மருமகன் வாசலுக்குப் போலீஸ் வருமா, என் நர்ஸ் சர்டிபிகேட்டைப் பிடுங்குவார்களா, எனக்குத் தெரியாது. வந்தால் வரட்டும். இருபத்தைந்து வருஷம் ஒருத்தர் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

மனுவை எழுதிவிட்டோம். நான்கு பக்கம். பரிசோதனை எடுத்தவர் என்று போட்டு, கீழே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். புரோகிராம் எழுதியவர் என்று போட்டு உங்கள் பெயரை டைப் அடித்து, அதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். இருபத்துநாலாம் தேதி புதன்கிழமை, காலை எட்டு மணிக்கு, மார்பு ஆஸ்பத்திரி வெளிநோயாளி வாசலில் நானும் அவரும் நிற்போம். ஒன்பது மணிக்குக் காகிதத்தை உள்ளே கொடுத்தாக வேண்டும்.

அதுவரைக்கும் அந்த இடத்தை வெறுமையாக வைத்திருக்கிறேன்.

சபீஹா